உள்ள இருக்கவனுக்கு மோர் குடு

படத்தைக் காட்டு மருமகனே. இதுவா உன் மிருகம்? தலை மூணு, கை ஆறு, முதுகு பூராம் முள்ளு, பத்தாததுக்கு வாயில இருந்து தீ வேற. நல்லாத்தான் வரைஞ்சிருக்க. இதுக்குச் சட்டை தைக்கப் போற டெய்லரை நெனச்சாத்தான் எனக்கு வெசனமா இருக்கு. ஆறு கையை ஆட்டுறதுக்கு உள்ள எத்தனை பேரு? மூணு பேரா? மூணு பேருக்கும் சாப்பாடு, பேட்டா, சின்னமனூர் போக வர பஸ் காசு, எல்லாம் கூட்டிப் பாத்தியா?

டீக்கடையில பயலுக பேசிக்கிட்டாய்ங்க. நீ எடுக்கப் போற பேய்ப் படத்துக்கு மொத்தமே 12 லட்சமாம், அதுல மிருகத்துக்கு மட்டும் 8 லட்சமாம், சென்னையில யாரோ ரப்பர்ல செஞ்சு தர்றேன்னு முன்பணம் கேட்டிருக்காராம். எனக்கு ஒரே சந்தோசம். மிச்சம் 4 லட்சத்துல கதாநாயகன், கதாநாயகி, கேமரா, லைட்டு, டீ, வடை எல்லாத்தையும் முடிச்சுட்டு, அந்த மிருகத்தைக் கல்யாண மண்டபத்து வாசல்ல நிப்பாட்டி வர்றவன் போறவனுக்கு செல்ஃபி எடுத்துக் குடுத்தாக்கூட போட்ட காசுல கொஞ்சம் தேறும்.

கோவிச்சுக்காத மாப்ள. இந்தப் பக்கம் டூரிங் டாக்கீஸ் ஓடுன காலத்துல மணலைக் குமிச்சு உக்காந்து படம் பாத்தவன் உன் தாய்மாமன். பாத்ததோட விடல. டிக்கெட்டும் கிழிச்சேன், படப்பெட்டியைச் சைக்கிள் கேரியர்ல கட்டியும் கொண்டாந்தேன். இப்ப பேரன் போனு இருக்கு. ராத்திரி தூக்கம் வராத நேரத்துல உலகத்துப் பேய் பூராவும் மார்க்கையன்கோட்டைக்கு வந்து என்னைய விசாரிச்சுட்டுத்தான் போகுது. அதனால சொல்றேன், கேட்டுக்க. கேக்காட்டியும் சொல்லுவேன்.

1978ல ஜெகன்மோகினின்னு ஒரு படம் வந்துச்சு. தெலுங்குல எடுத்து, தமிழ் பேச வச்சு நம்ம கொட்டகையில ஓட்டுனாய்ங்க. எடுத்தவரு பி. விட்டலாச்சார்யா. உடுப்பிப் பக்கத்துல பொறந்தவரு. அவர் படத்துல பிரம்மாண்டம்ன்னா போன படத்துக்குப் போட்ட செட்டுக்கு வேற பெயிண்ட் அடிக்கிறதுதான். கதாநாயகன் சம்பளத்துல முரண்டு பண்ணுனா, அடுத்த சீன்லயே மந்திரவாதி சாபம் விட்டு அந்தாளை ஆடாவோ கிளியாவோ ஆக்கிருவாரு, மிச்சப் படத்தை அந்த ஆடு நடிச்சுக் குடுத்துரும்னு ஒரு கதை சொல்லுவாக. நெசமோ பொய்யோ, தயாரிப்பாளரா இருக்கவன் பூசை அறையில மாட்டி வைக்க வேண்டிய கதை.

ஜெகன்மோகினியில பேய் அடுப்பாங்கரையில உக்காந்து சமைக்கும். விறகுக்குப் பதிலாத் தன் காலையே அடுப்புக்குள்ள நீட்டி வச்சிரும். கால் எரியுது, பேய் பாட்டுக்கு வேலையப் பாக்குது. கொட்டகையில பொம்பளைக பக்கம் "ஆத்தாடி"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு பாரு, அன்னைக்கு ராத்திரி எங்க தெருவுல பாதி வீட்டுல அடுப்புப் பக்கம் யாரும் ஒத்தையில போகல. இன்னைக்கு நீ அதைச் செய்யணும்னா என்ன செலவு? ஒரு பொய்க்கால், அதுக்கு மேல நெருப்பு பிடிக்கிற மாதிரி கொஞ்சம் துணி, தண்ணி வாளியோட பக்கத்துல ஒரு ஆளு. நெசக்காலை மடக்கிச் சேலைக்குள்ள மறைச்சுக்க வேண்டியதுதான். தலை மூணு வேணாம், முள்ளு வேணாம். அந்த அடுப்பு நம்ம வீட்டு அடுப்பு மாதிரியே இருந்துச்சுல்ல, அங்கதான் பிடிச்சாரு. உன் மிருகம் தென்னந்தோப்புல நின்னு கர்ருனு உறுமுறதை விட, மோட்டார் ரூமுக்குள்ள நுழைஞ்சு ஸ்விட்சைத் தட்டி தண்ணி பாய்ச்சட்டும். ராத்திரி கரண்டு வர்ற நேரம் பாத்து வயலுக்குப் போற சம்சாரி எவனும் அதுக்கப்புறம் டார்ச் இல்லாமப் போக மாட்டான்.

வடக்க பம்பாயில ராம்சே குடும்பம்னு ஒண்ணு இருந்துச்சு. அண்ணன் தம்பி 7 பேரு. 1970ல அவுக அப்பா ஒரு இந்திப் படம் எடுத்து நல்லாக் கையைச் சுட்டுக்கிட்டாரு. அதுல பிருத்விராஜ் கபூர் பேய் முகமூடி மாட்டிக்கிட்டு மியூசியத்துல திருடப் போற சீன் ஒண்ணு. பயலுக தியேட்டர்ல போய் நின்னு பாத்தா, கூட்டம் அந்த ஒத்த சீனுக்கு மட்டும் உள்ள வருது, முடிஞ்சதும் எந்திரிச்சு வெளிய போகுது. "அப்பா, அந்தச் சீனையே முழுப் படமா எடுத்துருவோம்"னாய்ங்க. 1972ல தோ கஜ் ஜமீன் கே நீச்சே. மகாபலேஸ்வர்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ், 40 நாளு, சுமார் மூன்றரை லட்சம் ரூபான்னு கணக்குச் சொல்லுவாக. எழுதுறது ஒருத்தன், கேமரா ஒருத்தன், சத்தம் ஒருத்தன், டைரக்சன் ரெண்டு பேரு, எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைக. சம்பளப் பாக்கின்னு எவன் யார் மேல கேஸ் போட முடியும்? உனக்குத் தம்பி ஒருத்தன்தான் இருக்கான், அவனும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். யோசிச்சுக்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கன்னு செத்துப்போச்சுன்னா மாடு பாலை அடக்கிக்கும்ல? அப்ப நம்ம தாத்தன் காலத்துல என்ன செஞ்சாய்ங்க? செத்த கன்னோட தோலை உரிச்சு, உப்புத் தடவிக் காய வச்சு, உள்ள வைக்கோலை அடைச்சு, நாலு குச்சியக் காலாக் குத்தி மாட்டுக்கு முன்னாடி நிப்பாட்டிருவாக. கண்ணு இருக்காது. ஒரு காது கோணலாத் தொங்கும். வயித்துத் தையல்ல வைக்கோல் பிதுங்கும். மாடு அதை நக்கும், நக்க நக்கப் பால் சொரக்கும். மாடு ஒண்ணும் மடச்சி இல்ல மாப்ள. அதுக்கு வேண்டியது தன் பிள்ளை வாசனை. அது இருந்துச்சா, மிச்சத்தை அதுவே நெனச்சு நிரப்பிக்கிருச்சு. உன் படம் பாக்க வர்றவன் எந்த இடத்தை நக்கிப் பாப்பான்னு முதல்ல கண்டுபிடி. ஈரமா மினுங்குதா, மூச்சு வாங்குதா, அடியெடுத்து வச்சா தரையில கனம் தெரியுதா, இது மூணையும் பாப்பான். ஆறாவது கைய எவனும் எண்ண மாட்டான்.

வெள்ளைக்காரன் இதைப் பெருங்காசு செலவழிச்சுக் கத்துக்கிட்டான். 1975ல ஜாஸ்னு சுறா மீன் படம். ஸ்பீல்பெர்க் இயந்திரத்துல சுறா செஞ்சு, அதுக்குத் தன் வக்கீல் பேரான புரூஸைச் செல்லமா வச்சுக் கூப்பிட்டாரு. வக்கீல் பேரை வச்சதாலயோ என்னமோ, கடல்ல இறக்குன நாள்ல இருந்து காசை முழுங்குச்சே தவிர வேலை பாக்கல. நல்ல தண்ணியில சோதிச்சுப் பாத்த சுறா உப்புத் தண்ணியில மக்கர் பண்ணிருச்சு. வேற வழியில்லாம மனுசன் தண்ணியைக் காட்டுனாரு, மிதக்குற பீப்பாயைக் காட்டுனாரு, பின்னாடி ரெண்டே சுரத்துல மியூசிக். படம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுன பெறகுதான் முழுச் சுறாவும் தலையைக் காட்டும். அதுக்குள்ள ஊரே குளிக்கப் பயந்து போச்சு.

கடல் வரைக்கும் எதுக்கு, 2023 மே மாசக் கடைசியில அரிக்கொம்பன் நம்ம கம்பத்துக்குள்ள வந்துச்சே, மறந்துருச்சா? சின்னக்கானல்ல பிடிச்சு, பெரியாறு காட்டுல கொண்டு போய் விட்ட ஆனை, மேகமலைப் பக்கம் சுத்திட்டு கம்பம் டவுனுக்குள்ள இறங்கிருச்சு. 144 போட்டாய்ங்க. ஒரு மனுசன் அதுல உயிரை விட்டாரு, அது வெளையாட்டு விசயம் இல்ல. ஜூன்ல பிடிச்சுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனாய்ங்க. அந்த ஒரு வாரமும் ஆனையைக் கண்ணால பாத்தவன் கொஞ்சம், கதவைச் சாத்துனவன் ஊரு பூராம். நம்ம ஊரு எங்கிட்டு, கம்பம் எங்கிட்டு? இங்கயும் வைக்கப்படப்பு சரசரன்னா "வந்துருச்சுடா"ன்னு கத்துனாய்ங்க. பெருச்சாளி மாப்ள, வெறும் பெருச்சாளி. அந்தச் சரசரப்பை நீ படத்துல பிடிச்சேன்னா 8 லட்சத்துல ஏழரையை எடுத்து உங்க ஆத்தாகிட்டயே குடுத்துறலாம்.

சரி, ஒண்ணும் காட்டாமலே முடிச்சுட்டாலும் ஜனம் சேரைத் தூக்கி எறியும். கடைசியில உருப்படியைக் காட்டித்தான் ஆகணும். அங்கதான் நீங்கெல்லாம் தோலுக்குக் காசு குடுத்துட்டு, உள்ள இருக்கவனை மறந்துர்றீக.

1954ல ஜப்பான்காரன் காட்ஜில்லா எடுத்தான். டிரிக் எல்லாம் எய்ஜி சுபுராயா. அமெரிக்காக்காரன் 1933ல கிங்காங்கை எடுத்த மாதிரி சின்னப் பொம்மைய இம்மி இம்மியா நகர்த்திப் படம் பிடிக்கத்தான் அவருக்கும் ஆசை. அப்படி எடுத்தா 7 வருசம் ஆகும்னு கணக்கு வந்துச்சு. தயாரிப்பாளர் மூஞ்சியைப் பாத்துட்டு, மனுசனுக்குத் தோலை மாட்டி விட்டுருவோம்னு முடிவு பண்ணிட்டாரு. உள்ள போனவரு ஹருவோ நகாஜிமா. முதல்ல தச்ச தோல் கிட்டத்தட்ட 100 கிலோ. நம்ம நெல்லு மூட்டையை முதுகுல போட்டுக்கிட்டு, லைட்டு வெளிச்சத்துல, மூக்கை மூடிக்கிட்டு நடந்து பாரு. ஒரு தடவைக்குச் சில நிமிசம்தான் தாங்கும், கழட்டுனா வேர்வை கொட்டும். அந்த முதல் தோலு நடக்கவே விடலேன்னு வெட்டி எடுத்துக் காலுக்குத் தனி, மேலுக்குத் தனின்னு ஷாட் எடுத்தாய்ங்க. இதை நீ எழுதி வச்சுக்க. கால் வர்ற ஷாட்டுக்குக் கால் மட்டும் செஞ்சாப் போதும். கை ஜன்னலைப் பிராண்டுனா முழங்கை வரைக்கும் செஞ்சாப் போதும். முழுசாச் செஞ்சு வச்சுட்டு, "காசு போட்டுட்டோமே"ன்னு முழுசாக் காட்டுறவன்தான் தெருவுக்கு வர்றான்.

1979ல ஏலியன். உள்ள இருந்தவரு போலாஜி படேஜோ, நைஜீரியாக்காரரு, ஏழடிக்கு ரெண்டு அங்குலந்தான் கம்மி. நடிகரே இல்ல, லண்டன்ல படிச்சுக்கிட்டிருந்த பிள்ளை. ஒரு மதுக்கடையில பாத்து, "நீதான்யா"ன்னு கூட்டிட்டு வந்துட்டாய்ங்க. வந்தவருக்குச் சும்மா தோலை மாட்டி விடல, உடம்பை மெதுவா வளைக்கச் சீனாக்காரன் பயிற்சியும் ஊமைக்கூத்தும் சொல்லிக் குடுத்தாய்ங்க. வாலு இருக்கதால நாற்காலியில உக்கார முடியாதுன்னு அவருக்குன்னு ஊஞ்சல் ஒண்ணு கட்டி விட்டாய்ங்க. ராம்சே ஆளுக 1984ல புரானா மந்திர்ல சாம்ரின்னு ஒரு பிசாசைக் கொண்டாந்தாய்ங்களே, அது அனிருத் அகர்வால். படிச்சது எஞ்சினியரிங். ஆளு நெட்டை, முகவெட்டே தனி. அந்த முகத்துக்கு ரப்பர் எவ்வளவு கம்மியோ அவ்வளவு பயம். 2018ல தும்பாட் வந்துச்சுல்ல, அதுல சங்கிலி போட்டுக் கெடக்குற கெழவி யாருன்னு நெனச்ச? முகமது சமத்னு ஒரு சின்னப் பையன். அதே படத்துல மகன் வேசமும் அவந்தான். ஒரே ஆளுக்கு ரெண்டு வேசம், ஒரே ரூம் வாடகை.

நீ யாரைப் போடப் போற? ஜிம்முல கை பருத்தவனையா? அவன் முதல் நாளே மயங்கி விழுவான். நம்ம ஊருல கபடி ஆடுற பயலுக இருக்காய்ங்க, பொய்க்கால் குதிரை கட்டுறவுக இருக்காக, சிலம்பம் சுத்துறவுக இருக்காக. பொய்க்கால் கட்டுறவரு உசரத்துல நின்னுக்கிட்டு எடையை மாத்தி மாத்திப் போடத் தெரிஞ்சவரு. அவரைத் தோலுக்குள்ள போட்டா உன் மிருகத்துக்கு நடை தானா வந்துரும். சும்மா கூப்பிடாத. தாம்பூலத்துல முன்பணம் வை. சித்திரை வெயில்ல எடுக்காத. கால் மணிக்கு ஒரு தடவை தலையைக் கழட்டி விடு. சொம்புல மோர், உப்புப் போட்டு. உள்ள இருக்கவனுக்கு வெளிய சத்தம் கேக்காது, கண்ணும் தெரியாது, அதனால கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு பொறுப்பான ஆளை வை. வயல் வரப்புல விட்டுட்டு நீ "ஆக்சன்"னு கத்துனா, மிருகம் வாய்க்காலுக்குள்ள போய் விழும். அதையும் எவனாவது போன்ல எடுப்பான், உன் படத்தைவிட அது நல்லா ஓடும்.

தோலைப் பத்திக் கேட்டியே. சென்னைக்காரரு வெளிநாட்டு ரப்பர்னு சொன்னாரா? நம்ம கூடலூர் தாண்டிக் குமுளி ஏறி அங்கிட்டு இறங்குனா ரப்பர் மரந்தான். ரப்பர் போர்டே கோட்டயத்துலதான் இருக்கு. மரத்துல வடியிற பால்ல மூணுல ஒரு பங்குதான் ரப்பரு, மிச்சம் தண்ணி. அதை மிசின்ல சுத்தி 60 சதவீதத்துக்குக் கெட்டியாக்கி, கெடாம இருக்க அம்மோனியா கலந்து கேன்ல விக்கிறாக. மூடியைத் தொறந்ததும் கண்ணு எரியும், அதனால திண்ணையில வச்சுச் செய்யி, ரூமுக்குள்ள வேணாம். முதல்ல முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு ராத்திரி பாரு. சில பேரு உடம்புக்கு ரப்பர் ஒத்துக்காது, தடிச்சுப் போயிரும்.

போன மாசம் எம் பேத்தி புறங்கையில செஞ்சு பாத்தோம். நீயும் பாத்துக்க. கையை மடக்கித் தோலை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, பிரஸ்ல லேசா ஒரு பூச்சு. வெள்ளையா இருக்கது காயக் காயக் கண்ணாடி மாதிரி மாறும். விசிறி போதும். மேல முகப்பவுடரைத் தட்டணும், இல்லாட்டி ரப்பரும் ரப்பரும் ஒட்டிக்கிட்டுப் பிரியாது. அதுக்கப்புறம் கையை விரிச்சா, பத்து வயசுப் பிள்ளை கையில எழுவது வயசுச் சுருக்கம். அவ அப்பத்தாகிட்டக் கொண்டு போய்க் காட்டுனா, அப்பத்தா தன் கையைப் பக்கத்துல வச்சுப் பாத்துட்டுக் காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டா. எனக்குத் தடவிப் பாக்கல. எனக்குத் தேவையான சுருக்கமெல்லாம் ஓசியிலயே வந்து சேந்துருச்சு. புருவத்துலயும் மீசையிலயும் படாமப் பாத்துக்க, முன்னாடியே வாசலைனைப் பூசி வை. இல்லேன்னா தோலை உரிக்கையில மீசையும் சேந்து உன் மிருகத்துக்குப் போயிரும்.

காயம், வெடிப்பு வேணும்னா ரப்பர் பால்ல பஞ்சை முக்கி ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டு. மருந்துக்கடைப் பஞ்சுதான் வேணும். போடியில இலவம்பஞ்சு சல்லிசாக் கெடைக்குதுன்னு மூட்டை கட்டாத. இலவம்பஞ்சு வழுக்கும், தண்ணியக் குடிக்காது, பாலும் அதுல பிடிக்காது. அது வயித்துக்குள்ள அடைக்கத்தான் லாயக்கு. அதுலயும் ஒரு சங்கதி இருக்கு. இலவம்பஞ்சு தண்ணியில மிதக்கும். முல்லைப் பெரியாத்துல உன் மிருகம் முங்குற சீன் வச்சிருக்கியாமே? அது முங்காது. மல்லாந்து மிதந்துக்கிட்டே உத்தமபாளையம் பக்கம் போகாம வீரபாண்டிப் பக்கமா இறங்கும், தண்ணி அங்கிட்டுத்தான ஓடுது. நீ கரையில ஓடி வா.

நரம்பு, குடல், வால் நுனி இதுக்கெல்லாம் பஞ்சர் கடையில பழைய சைக்கிள் டியூப்பு கெடக்கும், கேட்டா சும்மாவே குடுப்பாக. மெத்தைக் கடைப் பஞ்சு ரப்பரைக் கத்தரியால செதுக்கி தசையா வச்சு, மேல ரப்பர் பாலைப் பூசு. வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டை அது மேல அடிக்காத, அசைஞ்சா வெடிச்சு உதிரும். சாயத்தை அந்தப் பால்லயே கலக்கிப் பூசு, தோலோட சேந்து இழுபடும். நம்ம பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவுல சேத்தாண்டி வேசம் போடுறவுக உடம்புல சேறு காஞ்சு வெடிக்கும் பாத்திருக்கியா? அந்த வெடிப்பு ரப்பர்ல வராது. களிமண்ணை மேலாப்புல தடவிக் காய விடு. ஆனா நேர்த்திக்கடன்காரங்களைப் போன்ல பிடிச்சுப் பேய்ன்னு படத்துல சேத்துறாத. அதுக்கப்புறம் உனக்கு இந்த ஊருல பொண்ணும் கெடைக்காது, பெட்ரோலும் கெடைக்காது.

முகத்துக்கு அச்சு எடுக்கணும்னா பல் டாக்டர் அளவெடுக்கிற மாவு இருக்குல்ல, தண்ணியில குழப்புனா சில நிமிசத்துல அல்வா மாதிரி இறுகும், அதைப் பூசி அதுக்கு மேல மாவுக்கட்டுத் துணியைச் சுத்து. மூக்கு ஓட்டை ரெண்டும் தொறந்து இருக்கணும். பயந்தா கையைத் தூக்குடான்னு சொல்லி வை, தூக்குனா அடுத்த நிமிசம் கழட்டிரு. ஒண்ணு மட்டும் கேலி இல்லாமச் சொல்றேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவுக்குள்ள நேராக் கையை விட்டு அச்செடுக்காத. அது இறுகையில சூடாகும், கனமா இருந்தா கொதிக்கும், கையும் வெளிய வராது. இங்கிலாந்துல 2007ல ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை அப்படித்தான் ரெண்டு விரல் தவிர மிச்ச விரலையெல்லாம் இழந்துச்சு. க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்கு நான் உன்னைப் பாக்கப் பழம் வாங்கிக்கிட்டு வர முடியாது, முழங்கால் வலி.

ரத்தம்? உங்க அத்தைகிட்டக் கேளு, ஆரத்தித் தட்டுல தினமும் ரத்தம் கலக்குறவ அவ. மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு விழுந்தா செவக்கும். கேரளாவுல குருதி பூசைக்கு ரத்தத்துக்குப் பதிலா அதைத்தான் வைக்கிறாக. தரையில கொட்டுறதுக்கு, செவத்துல தெறிக்கிறதுக்கு அது போதும், சல்லிசு. வாய், கண்ணு பக்கம் கொண்டு போகாத, சுண்ணாம்பு பொசுக்கிரும். வாயில வடியணும்னா சீனிப்பாகுல செவப்புக் கலர்ப்பொடி, கூட இம்மி கோகோ பவுடர். வெறும் செவப்பு ரஸ்னா மாதிரித் தெரியும், அந்தக் கோகோதான் கனம் குடுக்கும். 1960ல சைக்கோ படத்துல குளியலறையில ஓடுன ரத்தமே சாக்லேட் பாகுதான், கருப்பு வெள்ளைப் படம்ல. 1981ல ஈவில் டெட் எடுத்த அமெரிக்கப் பயலுக சோளப்பாகுல ரத்தம் காய்ச்சுனாய்ங்க. கதாநாயகன் சட்டையில அது காஞ்சு அட்டையாகி, கடைசியில சட்டை ஒடிஞ்சே போச்சாம். அவனுக்காவது சட்டைதான். உனக்கு எறும்பு. தென்னந்தோப்புல பாகைப் பூசிக்கிட்டுப் பொணமாப் படுக்கப் போறவன், கட்டெறும்பு வந்தா எந்திரிச்சு ஓடுவான். சித்தெறும்பு வந்தா கதறிக்கிட்டு ஓடுவான். பொணம் ஓடுறதும் பேய்ப் படந்தானேன்னு நீ சமாளிச்சுக்கிரலாம்.

வாயில ஒழுகுற கொழகொழப்புக்கு ஏலியன் படத்துக்காரன் ஆஸ்பத்திரி ஜெல்லி வாங்குனான். நம்ம வீட்டுக் கொல்லையில செம்பருத்தி இருக்கு. இலையைத் தண்ணியில போட்டுக் கசக்கு, நூல் நூலா இழுக்கும். வெந்தயம் ஊற வச்ச தண்ணியும் அப்படித்தான். இன்னும் கெட்டியா வேணும்னா இசப்கோல். என் அலமாரியில ஒரு டப்பா இருக்கு, எடுத்துக்க, ஆனா திருப்பி வச்சிரு. அது எனக்குக் காலையில வேற வேலைக்கு வேணும். பூசிட்டு லைட்டை முன்னாடி வைக்காத. முன்னாடி வச்சா சைக்கிள் டியூப்பு தெரியும். பின்னாடி, கொஞ்சம் மேல, தென்னமட்டைக்கு ஊடால வையி. கொஞ்சம் சாம்பிராணிப் புகை விடு. ஓரமெல்லாம் ஈரம் மினுங்கும், உள்ள என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. கனமாத் தெரியணும்னா நொடிக்கு 24 படத்துக்குப் பதிலா 48 படம் எடுத்து மெதுவா ஓட்டு. உன் போன்லயே இருக்கு அந்த வசதி.

சத்தம் விட்டுப்போச்சு. காட்ஜில்லா உறுமுமே, அது எந்த மிருகமும் போட்ட சத்தம் இல்ல. ஆளுசரப் பிடில் ஒண்ணோட தந்தியைப் பிசின் தடவுன தோல் கையுறையால தேச்சு எடுத்து, அதை மெதுவா ஓட விட்டாய்ங்க. பாட்டு வாத்தியாரு அகிரா இஃபுகுபே செஞ்ச வேலை. இதைக் கேட்டப்பதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நம்மகிட்ட உறுமியே இருக்கேடா! வளைஞ்ச குச்சியால தோலைத் தேச்சா அடிவயித்துல இருந்து ஒரு ஓலம் வரும் பாரு, கெடாவெட்டுக்குப் போன எடத்துல அதைக் கேட்டு எம்புட்டுப் பேருக்குச் சாமி வந்துருக்கு. உறுமிக்காரரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பதிவு பண்ணு, பாதி வேகத்துல ஓட்டு. நெட்ல இருந்து சிங்கம் உறுமுறதை எடுத்துப் போட்டா, எந்த ஊருச் சிங்கம்னு சின்னப் பிள்ளை கூடச் சொல்லிரும்.

மேகமலையில போய் எடுக்கலாம்னு ஒரு யோசனை இருக்காமே. 2021ல இருந்து அது புலிகள் காப்பகம் மாப்ள. அனுமதி இல்லாம உள்ள போனா, வனத்துறைக்காரக உன்னைய வச்சே ஒரு படம் எடுத்துருவாக. நெசப் பாம்பு, நெசக் குரங்கு பக்கமும் போகாத, 1972ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டம் இன்னும் சாகல. கோழியைக் காட்டுறதுன்னாக்கூட விலங்கு நல வாரியத்துல சொல்லணும். உனக்கெதுக்குக் காடு? குச்சனூர் ரோட்டுல நெல்லு அறுத்த வயக்காடு, பாழடைஞ்ச மோட்டார் ரூமு, ராத்திரி பத்து மணிக்கு மேல நம்ம தென்னந்தோப்பு. கொசுவும் தவளைச் சத்தமும் இலவசம். நாத்து நட்ட வயலுக்குள்ள மட்டும் மிருகத்தை இறக்குனா, வயல்காரன் அருவாளோட வருவான். அதையும் கேமராவுல பிடிச்சுக்க, நடிப்பு தத்ரூபமா இருக்கும்.

படம் முடிஞ்சதும் அந்த உருப்படியைக் கொளுத்திறாத. ரப்பர் எரிஞ்சா தெருவே நாறும், சென்னைக்காரருக்கு வாடகை கட்டித் திருப்பி அனுப்பவும் வேணாம். எனக்குக் குடு. வாழைத்தோப்புல காட்டுப்பன்னி வந்து கெழங்கைத் தோண்டிப் போட்டுட்டுப் போகுது, பழைய சேலையைக் கட்டிப் பாத்தாச்சு, பல்பு போட்டுப் பாத்தாச்சு. உன் மிருகத்தை வரப்புல நிப்பாட்டிப் பாக்குறேன். பன்னி மிரண்டு ஓடுச்சுன்னு வையி, போன் போட்டுச் சொல்றேன், தைரியமா ரெண்டாம் பாகத்துக்குப் பூசை போடு. அந்த மூணாவது தலையை மட்டும் இப்பவே வெட்டிரு, வாழைக்கு எடைஞ்சலா இருக்கும்.